டி-55 டாங்கியில் மேல் ரோலர் இல்லை, டி-72இல் மூன்று இருக்கிறது: ஏன்?

#1 பூந்தமல்லி வாசகன்

வணக்கம். டி-55, டி-72 இரண்டையும் பக்கவாட்டில் எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டும் சோவியத் டாங்கிகள், இரண்டுமே நம் ராணுவத்தில் இருந்தவை. டி-72 எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலேயே தயாரானது. ஆனால் தடம் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் செயின்) ஓடும் விதம் இரண்டிலும் வேறு.

டி-55இல் பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள். தடம் பின்னால் ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரத்தைச் சுற்றி மேலே ஏறி, அதே சக்கரங்களின் தலையில் படுத்தபடி முன்னால் போகிறது. டி-72இல் ஆறு சக்கரங்கள், அவற்றுக்கு மேலே மூன்று சின்ன உருளைகள். தடம் அந்த உருளைகள் மேல் போகிறது, சக்கரங்களைத் தொடுவதில்லை.

தடத்தின் எடையைத் தாங்கத்தான் அந்த உருளை என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்குச் சமாதானமாகவில்லை. இரண்டு டாங்கியின் தடமும் 58 செ.மீ அகலம்தான். டி-55இன் தடத்துக்கு மட்டும் எடை இல்லையா? அப்புறம் ஜெர்மன் பன்சர் 4-க்கு நான்கு உருளை, அமெரிக்க எம்113 கவச வண்டிக்கு ஒன்றுகூட இல்லை, ஏப்ராம்ஸ் டாங்கிக்கு இரண்டு. இந்த எண்ணிக்கைக்கு ஏதாவது கணக்கு உண்டா? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்குங்கள்.

#2 சுரங்கத்தான்

தம்பி, நான் டாங்கியில் கை வைத்தவன் இல்லை. டோசர், பொக்லைன் அண்டர்கேரேஜ் வேலைதான் எனக்குப் பிழைப்பு. ஆனாலும் செயினில் ஓடுகிற வண்டி எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான், அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

செயினைச் சுற்றி நாலு வகைப் பாகம் இருக்கும். வண்டியின் எடையைச் செயின் மேல் இறக்குவது பாட்டம் ரோலர், டாங்கிக்காரர்கள் அதை ரோட் வீல் என்பார்கள். பல்லை மாட்டிச் செயினை இழுப்பது ஸ்ப்ராக்கெட். எதிர்முனையில் செயினைத் திருப்பிவிடுவது ஐட்லர். இதை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் டென்ஷன் வைப்போம். நாலாவது, நீங்கள் கேட்கும் டாப் ரோலர். கேரியர் ரோலர், ரிட்டர்ன் ரோலர் என்றும் சொல்வார்கள்.

வண்டியின் எடையில் ஒரு கிலோகூட டாப் ரோலருக்கு வராது. மேலே திரும்பி ஓடும் செயினின் எடை மட்டும்தான் அதன் மேல் உட்காரும். பாட்டம் ரோலரைவிட அது சின்னதாக, லேசான பேரிங்கோடு இருப்பது அதனால்தான்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி, எடையைத் தாங்குகிறது. ஆனால் அதற்காக மட்டும் யாரும் இத்தனை செலவு செய்து ஒரு ரோலர், ஒரு ஷாஃப்ட், இரண்டு சீல், ஒரு பிராக்கெட் என்று போடமாட்டார்கள். ரோலர் இல்லாவிட்டால் செயின் தொங்கும். தொங்கினால் என்ன கெடுதல் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

#3 விசைக்கணக்கு

சுரங்கத்தான் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்துகிறவன், அதனால் எண்ணில் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவில் தொங்குகிறது. தொய்வைக் குறைக்க இரண்டு வழி: ஒன்று, இழுத்துக் கட்டுவது. இன்னொன்று, நடுவில் ஒரு கவைக்கம்பு முட்டுக்கொடுப்பது. டாங்கித் தடத்துக்கும் இந்த இரண்டு வழிதான்.

தடத்தின் எடை மீட்டருக்கு 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர டாங்கி ஒன்றுக்கு இது ஏறக்குறைய நியாயமான அளவு. ஐட்லருக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையில் 4.5 மீட்டர். நடுவில் எந்தத் தாங்கலும் இல்லை. தொய்வு 3 செ.மீ-க்கு மேல் போகக்கூடாது என்றால் தடத்தை எவ்வளவு விசையோடு இழுத்து வைக்க வேண்டும்? மீட்டர் எடையை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். சுமார் 10 டன் வருகிறது! ஐட்லரைத் தடம் மேலிருந்தும் கீழிருந்தும் இழுப்பதால் அதன் அச்சில் 20 டன் உட்காரும். வண்டி நிற்கும்போதே இந்தச் சுமை.

இப்போது நடுவில் இரண்டு உருளை வையுங்கள். இடைவெளி 1.5 மீட்டராகிறது. அதே 3 செ.மீ தொய்வுக்கு 1.1 டன் போதும். இடைவெளி மூன்றில் ஒரு பங்கானால், தேவைப்படும் இழுவிசை ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது.

எடை எங்கேயும் போகவில்லை, அதே தடம்தான். உருளை செய்வது என்னவென்றால், குறைந்த டென்ஷனிலேயே தடத்தை ஒழுங்காக ஓடவைப்பது. டென்ஷன் குறைந்தால் தடத்தின் கண்ணிகளைக் கோக்கும் பின்களின் தேய்மானம் குறையும், ஐட்லர் பேரிங் பிழைக்கும், எஞ்சின் சக்தியில் தடத்தை மடக்கி நிமிர்த்தவே வீணாகிற பங்கும் குறையும்.

#4 பூந்தமல்லி வாசகன்

ஆகா, இது புரிகிறது. ஆனால் டி-55? அதற்கு 10 டன் டென்ஷன் வைக்கிறார்களா என்ன?

#5 பழைய கவசப்படை

இல்லை. டி-55இல் தடத்தை அவ்வளவு இறுக்கமாக இழுத்துக் கட்டுவது கிடையாது. தொங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள், தொங்கினால் விழுவது சக்கரத்தின் தலையில். சக்கரத்தின் குறுக்களவு 810 மி.மீ, அதனால் அதன் உச்சி ஸ்ப்ராக்கெட்டின் உச்சிக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். ஐட்லரிலிருந்து இறங்கி, சக்கரங்கள் மேல் படுத்து, பின்னால் மறுபடி ஏறும். சக்கரமே உருளை வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது.

இதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. வால்டர் கிறிஸ்டி என்ற பொறியாளர் பெரிய சக்கரங்களும் நீண்ட சுருள்வில்லும் வைத்து ஒரு வேகமான வண்டி செய்தார். தடத்தைக் கழற்றிவிட்டுச் சக்கரத்திலேயே சாலையில் ஓட வேண்டும் என்பது அவர் எண்ணம், சக்கரம் பெரிதானதற்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்க ராணுவம் பெரிய அளவில் வாங்கவில்லை. சோவியத் அரசு 1930இல் இரண்டு வண்டி வாங்கியது. அதிலிருந்து பி.டி. (BT) டாங்கி வரிசை, பி.டி.யிலிருந்து டி-34. டி-34 வந்தபோது தடமில்லாமல் ஓடும் யோசனையைக் கைவிட்டுவிட்டார்கள், பெரிய சக்கரமும் உருளையில்லாத் தடமும் மட்டும் நின்றுவிட்டன. டி-54, 55, 62 வரைக்கும் அந்தப் பரம்பரைதான். உள்ளே சுருள்வில் போய் டார்ஷன் பார் (முறுக்கினால் வில்லாக வேலை செய்யும் தண்டு) வந்தாலும் வெளித்தோற்றம் மாறவில்லை.

டி-34இன் தடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஏற்பாடு உண்டு. தடத்தின் கண்ணிகளைக் கோக்கும் பின்னுக்கு உள்பக்கம் தலை மட்டும் உண்டு, பூட்டு கிடையாது. ஓட ஓட அந்தப் பின் உடற்பகுதியை நோக்கி நழுவி வெளியே வரும். ஸ்ப்ராக்கெட் அருகே உடற்பகுதியில் சாய்வாக ஒரு தகட்டை வைத்திருப்பார்கள். நழுவி வந்த பின்னின் தலை அதில் மோதி, தானாகவே உள்ளே போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாப் பின்னுக்கும் ஒரு தட்டு. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கில் வண்டி செய்ய வேண்டிய தொழிற்சாலைக்கு இந்த மாதிரிச் சிக்கனம் பெரிய வரம்.

#6 சிற்றுரு

மாடல் கட்டுகிறவன் என்ற முறையில் நானும் சேர்ந்துகொள்கிறேன். 35-இல் ஒன்று அளவில் டி-34 கட்டும்போது தடத்தைச் சக்கரத்தின் தலையில் ஒட்டவைக்காவிட்டால் பார்த்தவுடனே பொய்யாகத் தெரியும். ஜெர்மன் டைகர் 1-உம் அப்படித்தான், உருளையே கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று பின்னிய பெரிய சக்கரங்கள், 725 மி.மீ அகலத் தடம் அவற்றின் மேல் படுத்துக் கிடக்கும். முன்னாலுள்ள ஸ்ப்ராக்கெட்டுக்கு ஏறும் இடத்தில் மட்டும் தடம் சக்கரத்தைவிட்டு விலகி எழும்.

பன்சர் 4-க்கு வருவோம். அதன் சக்கரம் 470 மி.மீ தான், பக்கத்துக்கு எட்டு. தடத்தின் மேல் ஓட்டம் அதற்கு வெகு உயரத்தில் போகிறது. தொங்கவிட்டால் சக்கரத்தில் வந்து படுவதற்குள் தடம் வளையாய்த் தொங்கி எங்கேயாவது மாட்டும். அதனால் நான்கு உருளை. போரின் கடைசியில் வந்த ஜே ரகத்தில் மூன்றாகக் குறைத்தார்கள். ரப்பர் தட்டுப்பாட்டில் உருளையின் ரப்பர் வளையத்தையும் விட்டு வெறும் இரும்பு உருளை போட்டார்கள். அதனால் ஒரே டாங்கியிலேயே உருளையைப் பார்த்து எந்தக் காலத்து வண்டி என்று ஓரளவு சொல்லிவிடலாம். மாடல் கட்டுகிறவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவோம்.

உருளையே இல்லாமல், சுழலாத சறுக்குத் தகடு வைத்தவர்களும் உண்டு. பிரிட்டனின் மாட்டில்டா 2 முதலில் உருளைகளோடுதான் வந்தது. பிறகு அவற்றை எடுத்துவிட்டுச் சறுக்கு வைத்தார்கள். சர்ச்சில் டாங்கியில் தடம் மேலே தண்டவாளம் மாதிரியான பட்டையின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். இதெல்லாம் மெதுவாக நகர்ந்த வண்டிகள், அதனால் தாங்கியது.

#7 பூந்தமல்லி வாசகன்

சிற்றுரு சொல்வதை வைத்துப் பார்த்தால் சின்னச் சக்கரம் என்றால் உருளை, பெரிய சக்கரம் என்றால் உருளை வேண்டாம். இது எளிய சூத்திரம். ஆனால் டி-72இன் சக்கரம் சின்னதாகத் தெரியவில்லையே?

#8 பழைய கவசப்படை

நீங்கள் பிடித்தது சரியான இடம். டி-72இன் சக்கரம் 750 மி.மீ. டி-55ஐவிட 6 செ.மீ தான் குறைவு. டி-64-க்கு 555 மி.மீ, அது நிஜமாகவே சின்னச் சக்கரம், நான்கு உருளை. டி-80-க்கு 670 மி.மீ, ஐந்து உருளை. டி-72ஐ மட்டும் சக்கர அளவை வைத்து விளக்க முடியாது.

விளக்கம் சக்கரத்தின் ஆட்டத்தில் இருக்கிறது. மேட்டில் ஏறும்போது சக்கரம் உடற்பகுதியை நோக்கி மேலே எழும்ப வேண்டும். எவ்வளவு எழும்ப இடம் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் கரடுமுரடான நிலத்தில் ஓட்டலாம், உள்ளே இருக்கிறவனின் முதுகெலும்பும் தப்பும். டி-55இல் சக்கரம் எழும்பினால் தன் தலையில் கிடக்கும் தடத்தையும் சேர்த்துத் தூக்குகிறது. சக்கரத்துக்கு மேல் தடம், தடத்துக்கு மேல் மட்கார்டு. இடமே கிடையாது. அத்தோடு ஒவ்வொரு குலுக்கலிலும் மேல் ஓட்டம் அடிவாங்கி அலைபாயும்.

உருளை வைத்துவிட்டால் மேல் ஓட்டமும் சக்கரமும் தனித்தனி. கீழே சக்கரம் தன்பாட்டுக்கு ஏறி இறங்கும், மேலே தடம் தன்பாட்டுக்கு ஓடும். ஜெர்மன் லெப்பர்டு 2 டாங்கியின் சக்கரம் 350 மி.மீ வரை மேலே எழும்பலாம், அதற்கு நான்கு உருளை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டாங்கிகளின் வேகம் கூடக்கூட, சக்கர ஆட்டத்துக்கு இடம் கொடுப்பதற்காகவே மேல் ஓட்டத்தைத் தூக்கித் தனியே வைத்தார்கள் என்பது என் முடிவு. சக்கர அளவு இரண்டாவது காரணம்தான்.

#9 தடம்நேசன்

புதியவன், இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். உருளையில்லாத அமைப்பைப் பழசு என்று ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை. எம்113 உலகம் முழுக்க ஓடிய வண்டி, பக்கத்துக்கு ஐந்து சக்கரம், உருளை பூஜ்யம். சோவியத் பி.டி-76 (PT-76) இலகு டாங்கிக்கு ஆறு சக்கரம், உருளை இல்லை. உருளை இல்லையென்றால் சீல் இல்லை, பேரிங் இல்லை, கிரீஸ் இல்லை, சேறு போய் அடைக்க இடமும் இல்லை. களத்தில் அதைவிட நல்லது என்ன இருக்கிறது?

#10 பழைய கவசப்படை

தடம்நேசன், உங்கள் எடுத்துக்காட்டுகளே நல்ல பாடம். எம்113, பி.டி-76 இரண்டுமே லேசான வண்டிகள், நீரில் நீந்துகிறவை. எடை கூடக்கூடாது என்பதே அவற்றின் முதல் நிபந்தனை. தடமும் லேசானது, அதனால் தொங்கி அடித்தாலும் அடியின் வேகம் குறைவு. அங்கே உருளையைத் தவிர்த்தது சரியான முடிவு.

1971 நவம்பரில் கரீப்பூரில் நம் 45ஆம் கவசப்படைப் பிரிவின் பி.டி-76களும் பாகிஸ்தானின் எம்24 சாஃபி டாங்கிகளும் மோதின. இரண்டுமே இலகு டாங்கிகள். பி.டி-76க்கு உருளை இல்லை, ஸ்ப்ராக்கெட் பின்னால். சாஃபிக்கு ஐந்து சக்கரம், மூன்று உருளை, ஸ்ப்ராக்கெட் முன்னால். எடை, நீந்தும் தேவை, எஞ்சின் இருக்கும் இடம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு வடிவமைப்பாளர் இதைத் தீர்மானிக்கிறார். பழசு, புதுசு என்ற கேள்வியே இல்லை.

ஆனால் 40 டன் வண்டியை மணிக்கு 60 கி.மீ ஓட்ட வேண்டும் என்றால் உருளையில்லாமல் சமாளிப்பது கடினம்.

#11 விசைக்கணக்கு

அந்த வேகம் பற்றி ஒரு கணக்கு சொல்லியே ஆக வேண்டும். டாங்கி ஓடும்போது தரையில் படிந்திருக்கும் தடம் தரையைப் பொறுத்தவரை அசையாமல் நிற்கிறது. மேல் ஓட்டமோ வண்டியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னால் பாய்கிறது. வண்டி 60 என்றால் மேல் தடம் 120 கி.மீ. அவ்வளவு இரும்பு அந்த வேகத்தில் போய் ஐட்லரில் திடீரென்று வளைந்து கீழே திரும்ப வேண்டும்.

வளையும் இடத்தில் மையவிலக்கு விளைவால் தடத்துக்குள் தனியாக ஓர் இழுவிசை பிறக்கிறது. மீட்டருக்கு 120 கிலோ தடம், 60 கி.மீ வேகம்: சுமார் 3.4 டன். 30 கி.மீ-யில் இது 0.85 டன்தான். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்கு. இந்த விசை ஐட்லரை அழுத்தாது, ஆனால் ஒவ்வொரு பின்னையும் இழுக்கும். தடம் அடிவாங்கி அலைபாயும்போது இதன் மேல் அலையின் உதறலும் சேர்ந்துகொள்ளும். பின் முறிவதும் தடம் கழல்வதும் பெரும்பாலும் இப்படி எல்லாம் கூடிவரும் நொடியில்தான்.

இதே கணக்கைப் பொக்லைனுக்குப் போடுங்கள். வேகம் மணிக்கு 5 கி.மீ. சுமார் 24 கிலோ வருகிறது. ஒன்றுமே இல்லை! 20 டன் பொக்லைனுக்குப் பக்கத்துக்கு இரண்டே டாப் ரோலர் போதுமானதாக இருப்பதும், அவற்றில் ரப்பர் இல்லாமல் வெறும் இரும்பாக இருப்பதும் இதனால்தான்.

#12 சுரங்கத்தான்

வாத்தியார் சொன்னது எங்கள் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது. எங்கள் வண்டியில் டாப் ரோலர் ஜாம் ஆனால் அன்றைக்கே ஒன்றும் ஆகாது, ஆபரேட்டருக்குத் தெரியவும் தெரியாது. ரோலர் சுற்றாமல் நிற்கும், செயின் அதன் மேல் உரசிக்கொண்டே போகும். சில வாரத்தில் ரோலரின் மேல்பக்கம் கத்தி சீவியது மாதிரித் தட்டையாகிவிடும். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தத் தட்டையில் லிங்கின் இரண்டு வரிசைத் தடமும் பளபளவென்று கண்ணாடி மாதிரித் தெரியும். பக்கத்து ரோலர் மண் படிந்து மங்கலாக, சீராக உருண்டையாக இருக்கும். அத்தோடு சீல் ஓரத்தில் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டிக் கருப்பாக ஒரு வளையம். இந்த இரண்டையும் பார்த்தால் போதும், கழற்றிப் பார்க்கவே வேண்டாம்.

ஒரு கல் குவாரியில் இப்படி ஒன்றைக் காட்டி மாற்றச் சொன்னேன். டாப் ரோலர்தானே, ஓடுகிறவரை ஓடட்டும் என்று முதலாளி தள்ளிப்போட்டார். ரோலரோடு போகவில்லை, செயின் லிங்கின் முகமும் தேய்ந்து, கடைசியில் அந்தப் பக்கச் செயினையே மாற்ற வேண்டியதாயிற்று. விலை குறைந்த பாகத்தை மிச்சம் பிடிக்கப் போய் விலை கூடிய பாகத்தை இழக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

டாங்கியில் இதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் சார்?

#13 பழைய கவசப்படை

ஓடிவந்து நிறுத்தியதும் இறங்கி ஒவ்வொரு ஹப்பையும் புறங்கையால் தொட்டுக்கொண்டே ஒரு சுற்று வருவோம். எல்லாம் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் உள்ளே பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது கிரீஸ் இல்லை. உருளைகளின் ரப்பரையும் பார்ப்போம். துண்டு துண்டாகப் பிய்ந்திருக்கிறதா, இரும்பைவிட்டு விலகியிருக்கிறதா என்று. பக்கத்துப் பாவாடைத் தகடு மறைத்திருந்தால் தூக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும், சோம்பல்படக் கூடாது.

டி-72இன் உருளையைக் கவனித்தால் ஒன்று தெரியும்: தடத்தின் உள்பக்கப் பாதியை மட்டும்தான் அது தாங்குகிறது. தடத்தின் நடுவில் நிற்கும் கைடு பல்லுக்கு உள்பக்கம் ஒரே வளையம். எடையை மிச்சம் பிடிக்க அப்படி. சக்கரம் மட்டும் பல்லுக்கு இருபுறமும் இரட்டையாக இருக்கும்.

#14 சிற்றுரு

ரப்பர் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. 1941-42இல் சோவியத்திலும் ரப்பர் தட்டுப்பாடு. டி-34க்கு வெளியே ரப்பர் இல்லாமல், சக்கரத்தின் மையத்தில் மட்டும் ரப்பர் வைத்த இரும்புச் சக்கரம் செய்தார்கள். அந்தச் சத்தமும் அதிர்வும் பொறுக்க முடியாமல், முதல் சக்கரத்துக்கும் ஐந்தாவது சக்கரத்துக்கும் ரப்பர் வளையம் போட்டு நடு மூன்றை மட்டும் இரும்பாக விட்ட வண்டிகளும் ஏராளம். அந்தக் காலப் படங்களில் இந்தக் கலவையைப் பார்க்கலாம். டி-34இல் சக்கரத்தின் தலையிலும் தடம் அடிக்கிறது என்பதால், ரப்பர் இல்லையென்றால் கீழும் மேலுமாக இரும்போடு இரும்பு. உருளையில்லா அமைப்புக்கு இது ஒரு கூடுதல் விலை.

அமெரிக்க ஷெர்மன் டாங்கியைச் சொல்லாமல் விட முடியாது. அதன் சக்கரங்கள் இரண்டிரண்டாக ஒரு போகியில் (சக்கர ஜோடியைத் தாங்கும் சட்டம்). ஆரம்பத்தில் அந்தப் போகியின் உச்சியிலேயே உருளையை உட்காரவைத்தார்கள். பிறகு வண்டி கனத்து, பெரிய சுருள்வில் தேவைப்பட்டபோது உச்சியில் இடம் போதவில்லை. உருளையைப் போகிக்குப் பின்பக்கம் ஒரு கைமேல் மாற்றிவிட்டு, உச்சியில் ஒரு சறுக்குத் தகடு வைத்தார்கள்.

#15 பூந்தமல்லி வாசகன்

இன்னொரு சந்தேகம். பழைய கவசப்படை ஐயா ஸ்ப்ராக்கெட் முன்னால், பின்னால் என்று சொன்னார். அது மேல் ஓட்டத்தை எப்படிப் பாதிக்கிறது?

#16 விசைக்கணக்கு

நிறையப் பாதிக்கிறது. ஸ்ப்ராக்கெட் பின்னால் இருந்தால், முன்னோக்கி ஓட்டும்போது கடைசிச் சக்கரத்துக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவிலுள்ள குட்டைத் துண்டு மட்டும்தான் எஞ்சினின் முழு இழுப்பை வாங்குகிறது. மேல் ஓட்டம் முழுக்கத் தளர்ந்த பக்கம். அதனால் அங்கே ஆட்டம் அதிகம், உருளையின் பயனும் அதிகம்.

ஸ்ப்ராக்கெட் முன்னால் இருந்தால் தலைகீழ். மேல் ஓட்டத்தைத்தான் ஸ்ப்ராக்கெட் முன்னோக்கி இழுக்கிறது. எஞ்சின் இழுக்கும்வரை அது விறைப்பாக இருக்கும். தளர்ச்சி முழுதும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் முதல் சக்கரத்துக்கும் நடுவில் போய்ச் சேரும். ஆனால் சரிவில் இறங்கும்போதும், ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடும்போதும் மேல் ஓட்டம் மறுபடி தளர்ந்துவிடும். அதனால் பன்சர் 4-க்கும் சாஃபிக்கும் உருளை தேவைப்பட்டதில் வியப்பில்லை.

பிரேக் பிடித்தால் பின்-ஸ்ப்ராக்கெட் வண்டியில் இழுப்பு மேல் ஓட்டத்துக்கு மாறிவிடும், தளர்ச்சி பின்னால் கீழே போகும். டென்ஷன் பார்க்கும் முன் வண்டியை முன்னால் கொஞ்சம் நகர்த்தி, பிரேக் தொடாமல் தானாக நிற்கவிட வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். பிரேக் பிடித்து நிறுத்திவிட்டு அளந்தால் தளர்ச்சி வேறு இடத்தில் ஒளிந்துகொண்டு உங்களை ஏமாற்றும்.

#17 தடம்நேசன்

அளப்பது எப்படி? இரண்டு உருளைக்கு நடுவிலா?

#18 பழைய கவசப்படை

ஆமாம். இரண்டு உருளைக்கு மேலே தடத்தின் மேல் ஒரு நேர்க்கம்பையோ இழுத்துப் பிடித்த கயிற்றையோ வைத்து, நடுவில் தடம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்க்கலாம். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி வேறு, அந்தந்தக் கையேட்டில் இருக்கும்.

நிலத்தைப் பார்த்து மாற்றவும் வேண்டும். சேற்றிலும் பனியிலும் ஸ்ப்ராக்கெட் பல்லுக்குள் மண் இறுகி அடைந்துகொள்ளும். ஸ்ப்ராக்கெட் பருத்தது மாதிரி ஆகி, தடம் தானே இறுகும். முதலிலேயே இறுக்கி வைத்திருந்தால் பின்னோ ஐட்லர் அச்சோ போய்விடும். அதனால் சேற்றுக்குப் போகும்போது ஒரு சுற்று தளர்த்திவிட வேண்டும். கெட்டித் தரையில் வேகமாகப் போக வேண்டும் என்றால் சரியான அளவுக்கு இறுக்க வேண்டும். ரொம்பத் தளர்ந்த தடத்தோடு சரிவான நிலத்தில் குறுக்கே போய்க்கொண்டே திருப்பினால், கைடு பல் சக்கர இடுக்கைவிட்டு ஏறி வெளியே வந்துவிடும். தடம் கழன்றுவிட்டது என்றால் அந்த இடத்திலேயே குழு முழுக்க இறங்கிக் கடப்பாரையும் சங்கிலியுமாக உழைக்க வேண்டியதுதான்.

#19 சுரங்கத்தான்

எங்கள் பொக்லைன்களில் மேலே அளப்பதில்லை. பூமை (வண்டியின் நீண்ட கையை) ஊன்றி ஒரு பக்கத்தைத் தூக்கி, செயினைச் சுற்றவிட்டு மண்ணை உதிர்த்துவிட்டு, கீழே தொங்கும் செயினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அளப்போம். 20 டன் வண்டிக்கு சுமார் 30 செ.மீ. இறுக்க வேண்டுமென்றால் ஐட்லர் பின்னாலிருக்கும் சிலிண்டருக்குள் கிரீஸ் கன்னால் கிரீஸ் ஏற்றுவோம்.

இந்த இடத்தில் இளம் மெக்கானிக்குகள் யாராவது படித்தால் தயவுசெய்து மனதில் வையுங்கள். தளர்த்தும்போது அந்த வால்வை ஒரே மூச்சில் கழற்றாதீர்கள். உள்ளே கிரீஸ் பயங்கர அழுத்தத்தில் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு மேல் திருகக் கூடாது, முகத்தையோ கையையோ வால்வுக்கு நேரே வைக்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று மெதுவாகக் கசியவிடுங்கள். கிரீஸ் வரவில்லையென்றால் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள், வால்வை மேலும் திருகாதீர்கள். பாய்ந்துவரும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னக் காயம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது.

#20 பூந்தமல்லி வாசகன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியாக ஒன்று. அமெரிக்க எம்48 பேட்டன் டாங்கியின் படங்கள் சிலவற்றில் ஐந்து உருளை, சிலவற்றில் மூன்று. இரண்டும் பேட்டன்தானா?

#21 பழைய கவசப்படை

இரண்டும் எம்48தான். முதலில் வந்தவற்றுக்கு ஐந்து உருளை, கூடவே கடைசிச் சக்கரத்துக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் ஒரு குட்டி டென்ஷன் சக்கரம். எம்48ஏ2-இலிருந்து உருளை மூன்றாகிவிட்டது, அடுத்து வந்த எம்60-க்கும் மூன்றுதான்.

பேட்டனில் பார்க்க வேண்டிய இன்னொரு பாகம் முன்னால் இருக்கிறது. முதல் சக்கரத்தின் கையும் ஐட்லரின் கையும் ஓர் இணைப்புத் தண்டால் கோக்கப்பட்டிருக்கும். மேட்டில் மோதி முதல் சக்கரம் மேலே எழும்பினால் தடம் போகும் பாதை சுருங்கி, தளர்ச்சி பிறக்கும். அந்த நொடியிலேயே தண்டு ஐட்லரை முன்னால் தள்ளி, பிறந்த தளர்ச்சியை எடுத்துவிடும். சக்கரம் இறங்கினால் ஐட்லரும் பின்வாங்கும். மேல் உருளைகள் வரைக்கும் அந்த உதறல் வராமல் முன்னாலேயே பிடித்துவிடுகிற ஏற்பாடு. எம்26 பெர்ஷிங்கிலிருந்து அமெரிக்க டாங்கிகளில் இது தொடர்ந்து வருகிறது.

அகமதுநகர், இப்போதைய அகில்யாநகர், கவசப்படை அருங்காட்சியகத்தில் 1965 போரில் கைப்பற்றிய பேட்டன் நிற்கிறது. போக வாய்த்தால் பக்கவாட்டில் குனிந்து உருளைகளை எண்ணிவிட்டு, முதல் சக்கரத்துக்கும் ஐட்லருக்கும் நடுவிலுள்ள அந்தத் தண்டையும் தேடுங்கள். படம் எடுத்தால் இந்த இழையிலேயே போடுங்கள், எந்த ரகம் என்று சேர்ந்து பார்ப்போம்.